34 பேர், 11 திட்டங்கள்

கேள்வி: வணக்கம் சார். எனக்கு 42 வயது, மேடவாக்கத்தில் இருக்கிறேன். மெக்கானிக்கல் முடித்துவிட்டு 19 வருடமாக வாகன உதிரிபாகத் துறையில் வேலை. இப்போது ஒரகடம் பக்கம் ஒரு ஜெர்மன் கம்பெனியின் ஆராய்ச்சி மையத்தில், மின்சார ஸ்கூட்டர் பேட்டரிகளைச் சூடேறாமல் வைத்திருக்கும் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். 2022-ல் ஸ்கூட்டர்கள் தீப்பிடித்து பேட்டரி விதிகள் கடுமையானபோது, நான்கு மாதம் ஞாயிற்றுக்கிழமைகூட வீட்டில் இல்லை. எங்கள் பேட்டரி பேக் முதல் தடவையிலேயே சோதனையில் தேறியது. மையத்தில் மொத்தம் 34 பேர், 11 திட்டங்கள் ஓடுகின்றன. எங்கள் தலைவர் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். ஆராய்ச்சி மற்றும் தொழில்நுட்ப மேம்பாட்டுத் தலைவர் என்று அந்த இடத்துக்கு என்னைக் கேட்டிருக்கிறார்கள். எனக்கு எம்.பி.ஏ. இல்லை, பிஎச்.டி.யும் இல்லை. கையால் செய்யும் வேலை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. நான் சேர்ந்தபோது எனக்கு வேலை கற்றுக்கொடுத்த சீனியர் இதே மையத்தில் இருக்கிறார், அவர் எனக்குக் கீழே வர வேண்டியிருக்கும். மகன் பத்தாவது படிக்கிறான். கணவர், "இதில் யோசிக்க என்ன இருக்கிறது?" என்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். ஏற்கலாமா சார்?
— எம்., மேடவாக்கம்

பதில்: அன்புள்ள எம். அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எம்.பி.ஏ., பிஎச்.டி., சீனியர், பையனின் பரீட்சை என்று எல்லாக் கவலையையும் வரிசையாக எழுதிவிட்டு, நடுவில் ஒரு கணக்கைப் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். 34 பேர், 11 திட்டங்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது அதுதான்.

வகுத்துப் பாருங்கள். ஒரு திட்டத்துக்கு மூன்று பேர். அதில் ஒருவர் லீவில் இருப்பார். இன்னொருவரை, லைனில் ஏதோ பிரச்சினை என்று வாகனக் கம்பெனிக்காரர்கள் இழுத்துக்கொண்டு போயிருப்பார்கள். மிச்சம் ஒரே ஆள். பேட்டரி குளிர்விப்பு போன்ற ஒரு விஷயத்தை ஒற்றை ஆளை வைத்து நகர்த்த முடியாது. நகர்கிற மாதிரி மாதாமாதம் ஸ்லைடு வேண்டுமானால் போடலாம். ஓய்வு பெறப்போகும் உங்கள் தலைவர் நல்ல மனிதராக இருப்பார் என்று ஊகிக்கிறேன். யாரிடமும் வேண்டாம் என்று சொல்ல வாய் வராத மனிதர். அப்படிப்பட்டவர் விட்டுப்போகும் நாற்காலி இது.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் சரி என்று சொல்வதற்கு முன் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: ஓடிக்கொண்டிருக்கும் திட்டத்தை மூடும் அதிகாரம் அந்த நாற்காலிக்கு உண்டா? இல்லை என்றால் வேண்டாம். இப்போது இருக்கும் இடமே மேல்.

இதையே ஏன் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன் என்றால், பட்டவன் நான். அம்பத்தூர் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் 31 வருடம் இருந்தேன், கடைசி ஒன்பது வருடம் தொழில்நுட்பத் தலைவர். அந்தப் பொறுப்புக்கு வந்த புதிதில், 2012-ல், எனக்கென்று ஒரு செல்லத் திட்டம் இருந்தது. டீசல் இன்ஜினில் வெளியே போகும் வாயுவில் ஒரு பகுதியை ஆறவைத்து மறுபடி உள்ளேயே அனுப்புவார்கள். நைட்ரஜன் ஆக்சைடு குறையும். அதை ஆறவைக்கும் சாதனத்துக்கு ஈ.ஜி.ஆர். கூலர் என்று பெயர். வழக்கமாக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில்தான் செய்வார்கள். வாயு முதல் கட்டத்தில் ஓரளவு ஆறிவிடுகிறது, இரண்டாம் கட்டக் கூலரை மட்டும் அலுமினியத்தில் செய்தால் என்ன என்பது என் யோசனை. எடை மூன்றில் ஒரு பங்கு. வெப்பத்தைக் கடத்துவதில் அலுமினியம் பத்து மடங்குக்கும் மேல். காகிதத்தில் பிரமாதமாக இருந்தது. இன்ஜினை ஓட்டிச் சோதிக்கும் டெஸ்ட் பெட்டிலும் பிரமாதம்.

என் குழுவில் செங்கம் பக்கத்துப் பையன் ஒருவன் இருந்தான். வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகியிருக்கும், அதிகம் பேசமாட்டான். பொங்கலுக்கு ஊருக்குப் போனவன் அங்கே ஒரு பெட்ரோல் பங்கில் இரண்டு கேன் டீசல் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான். அதை ஒரு சின்ன பர்னரில் எரித்து, வரும் புகையை ஆறவைத்து, சொட்டுகிற தண்ணீரைப் பிடித்து, அதில் என் அலுமினியக் குழாய்த் துண்டுகளை ஊறப்போட்டிருக்கிறான். யாரும் சொல்லிச் செய்யவில்லை. மூன்று வாரம் கழித்து ஒரு துண்டை நெடுக்காக அறுத்து, பழைய செய்தித்தாளில் வைத்து என் மேசைக்குக் கொண்டுவந்தான். உள்பக்கம் முழுக்க ஊசியால் குத்தின மாதிரி புள்ளி புள்ளியாக அரிப்பு. ஒரு புள்ளியில் பேனா நிப்பை வைத்துக் காட்டினான், நிப் உள்ளே இறங்கியது.

விஷயம் இதுதான். 2010 ஏப்ரலில் சென்னை உள்பட 13 நகரங்களுக்கு, பாரத் ஸ்டேஜ் 4 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிக்கான டீசல் வந்துவிட்டது. அதில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கு. மற்ற ஊர்களில் ஸ்டேஜ் 3 டீசல்தான், 350 பங்கு. ஏழு மடங்கு. கந்தகம் எரிந்து, புகையில் இருக்கும் ஈரத்தோடு சேர்ந்தால் கந்தக அமிலம். எங்கள் டெஸ்ட் பெட் குடித்ததெல்லாம் சென்னை டீசல். லாரி சென்னையிலேயேவா டீசல் போடும்?

"ஊர்ல போடற டீசலுக்கு இது நிக்காது சார்" என்றான். நான் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கோட்டிங்கை மாத்தி இன்னொரு தடவை ஓட்டிப் பாரு" என்றேன்.

எங்கள் துறையில் இதைவிடச் செலவு பிடித்த வாக்கியம் கிடையாது. கோட்டிங் மாற்றினோம், அலாய் மாற்றினோம், சப்ளையரை மாற்றினோம். இரண்டரை வருடம் போனது. யாராவது கேட்டால், "கிட்டத்தட்ட வந்துவிட்டது" என்பேன். நான் பொய் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னேன். கடைசியில் புதிதாக வந்த நிதித் தலைவர் ஒருவர் பத்து நிமிடத்தில் மூடினார். ஈ.ஜி.ஆர். கூலருக்கும் ஆபீஸ் வராந்தாவில் இருக்கும் வாட்டர் கூலருக்கும் வித்தியாசம் தெரியாத மனிதர். செலவுக் கணக்கில் அதே தலைப்பின் கீழ் இன்னொரு திட்டம் இருந்தது, ஒரு பைபாஸ் வால்வு. இன்னும் மூன்று மாதத்தில் வண்டியில் ஏறியிருக்கும். அதையும் சேர்த்து மூடிவிட்டார். அவர் மேல் எனக்கு வெகுநாள் கோபம் இருந்தது. இப்போது இல்லை. முதல் வருடமே நான் மூடியிருந்தால் போயிருப்பது ஒன்றுதான். நான் மூடாததால் மூடத் தெரியாதவர் மூடினார். அந்தப் பையன் அதற்கு முன்பே புனேவுக்கு வேலை மாறிப் போய்விட்டான்.

நிறுத்துவது தோல்வி என்று நம் ஆட்கள் மனதில் எப்படியோ பதிந்துவிட்டது. 2013 ஆகஸ்ட் 19 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் ஜி.எஸ்.எல்.வி. டி5 ராக்கெட் கிளம்பத் தயாராக நின்றது. 2010-ல் நம் சொந்த கிரையோஜெனிக் இன்ஜினோடு முதலில் போன ராக்கெட் தோற்றிருந்தது, எனவே நாடே பார்த்துக்கொண்டிருந்தது. புறப்பட ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக இருக்கையில் இரண்டாம் அடுக்கில் எரிபொருள் கசிவு தெரிந்தது. கவுண்ட்டவுனை நிறுத்தினார்கள். ராக்கெட்டைத் திரும்ப உள்ளே கொண்டுபோய், இரண்டாம் அடுக்கையே புதிதாகச் செய்தார்கள். 2014 ஜனவரி 5 அன்று அது வெற்றிகரமாக விண்ணுக்குப் போனது. அங்கே கடிகாரம் ஓடுகிறது, யார் நிறுத்தலாம் என்பது எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. நம் கம்பெனிகளில் கடிகாரமும் இல்லை, நிறுத்துபவர் யார் என்ற எழுத்தும் இல்லை. திட்டம் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

அப்புறம், உங்கள் பதவியின் பெயரைக் கவனியுங்கள். ஆராய்ச்சி 'மற்றும்' தொழில்நுட்ப மேம்பாடு. அந்த 'மற்றும்' சாதாரணமான சொல் இல்லை. நாசாவில் 1970-களில் பிறந்த ஒரு அளவுகோல் உங்களுக்குத் தெரிந்திருக்கும், தொழில்நுட்பம் எவ்வளவு பக்குவப்பட்டிருக்கிறது என்று 1-லிருந்து 9 வரை எண் போடுவார்கள். கல்லூரி ஆய்வகம் மூன்று, நான்கோடு நின்றுவிடும். வாகனக் கம்பெனி, எண் 7-ஐத் தொட்டால்தான் போனை எடுக்கும். நடுவில் இருக்கும் நான்கு, ஐந்து, ஆறுதான் உங்கள் மையத்தின் பிழைப்பு. பணம் கரைவதும் அங்கேதான். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சமையலறையில் சரி. நமக்கு அது செல்லாது. சோதனைக்குச் செய்த ஒரு ப்ரோட்டோ ஓடினால் ஒரு சோறு வெந்திருக்கிறது, அவ்வளவுதான். லட்சம் பீஸும் அதே மாதிரி வேக வேண்டும், கத்திரி வெயிலில் வேளச்சேரி சிக்னலில் நிற்கும் ஸ்கூட்டரிலும் வேக வேண்டும்.

ஆராய்ச்சிக்கு அவசரமே இருக்காது. மேம்பாட்டுக்கு எப்போதும் அவசரம். இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வைத்தால் அவசரம் மற்றதைத் தின்றுவிடும். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, அப்படித்தான் நடக்கும். 2022-ல் நீங்கள் செய்தது பெரிய வேலை. ஸ்கூட்டர் பேட்டரிகளுக்கான பாதுகாப்பு விதி ஏ.ஐ.எஸ். 156, அதன் திருத்தத்தின் முதல் கட்டம் அந்த டிசம்பரில், இரண்டாம் கட்டம் அடுத்த மார்ச் கடைசியில். ஒரு செல் பற்றிக்கொண்டால் பக்கத்துச் செல்களுக்குப் பரவுகிறதா என்பதுவரை சோதித்தார்கள். அதில் முதல் தடவையே தேறுவது லேசான காரியமில்லை. ஆனால் அங்கே தேதியை அரசாங்கம் குறித்துக்கொடுத்தது. பாரத் ஸ்டேஜ் 5-ஐத் தாண்டி நேராக ஸ்டேஜ் 6 என்று 2016-ல் சொல்லி 2020 ஏப்ரல் 1 என்று நாள் வைத்தபோது எங்களுக்கும் அப்படித்தான். வெளியிலிருந்து தேதி வந்தால் எந்த நல்ல பொறியாளரும் முடித்துவிடுவார். தலைவர் நாற்காலியில் தேதியை நீங்கள்தான் குறிக்க வேண்டும். கேட்பார் இல்லாத திட்டத்துக்கும் ஒரு தேதி குறித்து, அதற்குள் இன்னது தெரியவில்லை என்றால் மூடுகிறோம் என்று ஆரம்பத்திலேயே எழுதி வைக்க வேண்டும். ஆசை வருவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும், ஆசை வந்த பிறகு கை வராது.

ஆகவே உங்கள் ஜெர்மன் மேலதிகாரியிடம் பேசும்போது சம்பளத்தைக் கடைசியில் வையுங்கள். கண்டிஷன் போடுகிற குரலும் வேண்டாம். "முதல் ஆறு மாதத்தில் நான் மூன்று திட்டங்களை மூடினால் உங்கள் பதில் என்னவாக இருக்கும்?" என்று சும்மா கேளுங்கள். எந்த மூன்று என்று கேட்டால் நல்ல ஆள், பொறுப்பை ஏற்கலாம். எல்லோரையும் கலந்து பேசித்தான் முடிவெடுக்க வேண்டும் என்று இழுத்தால், மூடும் சாவி உங்களிடம் வராது. பெயர்ப்பலகை மட்டும் வரும். ஜெர்மன்காரர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிட நேரடியானவர்கள், முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள் என்பது என் அனுபவம்.

கூடவே ஆட்கணக்கு. 34 பேரில் எட்டுப் பேரையாவது, எந்த வாகனக் கம்பெனி எப்படிக் கத்தினாலும் இழுக்கக் கூடாது என்று ஒத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எட்டு என்பது என் ஊகம்தான், உங்கள் வேலையைப் பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பெயரோடு இருக்க வேண்டும். சதவீதத்தில் எழுதினால் மூன்றாவது மாதமே ஆவியாகிவிடும். காப்புரிமை எப்படி என்பதையும் கேட்டுவையுங்கள். தாய்க் கம்பெனியின் பெயரில்தான் இருக்கும், அது நியாயம்தான். ஆனால் கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் உங்கள் குழுப் பிள்ளைகளின் பெயர் வருகிறதா? இங்கே இருப்பவர்களின் கண்டுபிடிப்பை முதலில் வெளிநாட்டில் பதிவதென்றால் காப்புரிமைச் சட்டத்தின் 39-வது பிரிவுப்படி இங்கிருந்து அனுமதி வாங்க வேண்டும். காப்புரிமை அலுவலகம் கிண்டியில்தான் இருக்கிறது. இதெல்லாம் தலைவருக்குத் தெரிந்திருக்கும் என்று கீழே இருப்பவர்கள் நினைத்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு இரண்டு வருடம் தெரியாமலே இருந்தது.

பேசியதை அன்று இரவே ஒரு மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள். "நாம் பேசியது இதுதான் என்று புரிந்துகொண்டேன்" என்று நான்கு வரி போதும்.

எம்.பி.ஏ. பற்றி: வேண்டாம். உங்கள் நிதிப் பிரிவில் யாராவது ஒரு பொறுமையான ஆளைக் கண்டுபிடித்து, இரண்டு வாரம் கேன்டீனில் அவரோடு சாப்பிடுங்கள். உங்கள் மையத்தின் செலவு அவர் தாளில் எந்த வரியில் உட்காருகிறது என்று கேளுங்கள். ஒரு காலத்தில் கம்பெனிக்குள்ளேயே ஆராய்ச்சி செய்தால் வருமான வரியில் பெரிய சலுகை இருந்தது. 35(2ஏபி) பிரிவின்படி, அங்கீகாரம் பெற்ற மையத்தில் ஒரு கோடி செலவழித்தால் இரண்டு கோடி செலவு என்று கணக்குக் காட்டலாம். 2017 ஏப்ரலில் அது ஒன்றரை ஆனது, 2020 ஏப்ரலில் ஒன்றே ஒன்று. அதன் பிறகு நிதிக்காரர்கள் ஆராய்ச்சியைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. முன்பு, "இன்னும் ஏதாவது இதில் சேர்க்க முடியுமா?" என்று அவர்களே வந்து கேட்பார்கள். பிறகு வந்த கேள்வி, "இது இல்லாவிட்டால் என்ன ஆகும்?" அந்தக் கேள்விக்குப் பதினொன்றுக்கும் தனித்தனியாக ஒரு வரிப் பதில் உங்களிடம் இருக்க வேண்டும். பதில் வராத திட்டம் எது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

பிஎச்.டி. ஆசை இருந்தால் செய்யுங்கள், அவசியம் கிடையாது. வேலையில் இருந்துகொண்டே சென்னை ஐ.ஐ.டி.யிலோ அண்ணா பல்கலைக்கழகத்திலோ பதிவு செய்ய வழி இருக்கிறது. முதல் இரண்டு வருடம் மட்டும் அந்தப் பக்கம் போகாதீர்கள். அதைவிட, மாதம் ஒருமுறை தரமணி ரிசர்ச் பார்க் பக்கம் போய் வாருங்கள். அந்தக் கட்டடங்களில் கண்ணாடி கம்பெனியிலிருந்து ராக்கெட் கம்பெனி வரை இருக்கிறது. 2024 மே மாதம் ஒரே துண்டாக முப்பரிமாண அச்சில் எடுத்த இன்ஜினோடு ராக்கெட் விட்ட அக்னிகுல் கம்பெனி வளர்ந்ததும் ஐ.ஐ.டி. வளாகத்தில்தான், அவர்களும் பலமுறை கவுண்ட்டவுனை நிறுத்திய பிறகுதான் விட்டார்கள். ஆராய்ச்சித் தலைவருக்குக் கம்பெனிக்குள் பேச ஆள் இருக்காது. மேலே இருப்பவரிடம் சந்தேகத்தைச் சொல்ல முடியாது, கீழே இருப்பவரிடம் சொல்லக் கூடாது. வெளியே இரண்டு பேர் வேண்டும்.

இனி உங்கள் சீனியர். கடிதத்தில் நீங்கள் அதிகம் தயங்கி எழுதிய இடம் இதுதான் என்று தோன்றியது. அவரை 'சார்' என்றுதான் கூப்பிடுவீர்கள். அதை மாற்றாதீர்கள். அறிவிப்பு வருவதற்கு முன், வெள்ளிக்கிழமைக்கும் முன், நீங்களே போய்ச் சொல்லுங்கள். ஆபீஸ் அறையில் வேண்டாம், கேட்டுக்கு வெளியே டீக்கடையில் நின்றுகொண்டு சொல்லுங்கள். உங்களுக்குத்தான் சார் வந்திருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அடக்கம் என்று நினைத்து நம்மவர்கள் சொல்கிற பொய் அது, கேட்பவருக்குப் பொய் என்று தெரியும், காயம் இரட்டிப்பாகும். "என்னைக் கேட்டிருக்கிறார்கள் சார், ஏற்கலாம் என்று இருக்கிறேன். உங்களிடம் முதலில் சொல்கிறேன்" என்பது போதும். அவர் கொஞ்ச நேரம் டீயை ஆற்றிக்கொண்டே இருப்பார். இருக்கட்டும். நீங்களாகப் பேச்சை நிரப்பாதீர்கள். பிறகு, "இந்த 11-ல் எதை மூடலாம் சார்?" என்று கேளுங்கள். அத்தனை வருடமாக அங்கே இருப்பவருக்குத் தெரியாமல் இருக்காது. யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அவருக்காக நீங்கள் செய்யக்கூடிய உருப்படியான உதவி ஒன்று உண்டு. 3எம் போன்ற கம்பெனிகளில் வெகுகாலமாக இரட்டை ஏணி என்று வைத்திருக்கிறார்கள். ஆட்களை மேய்க்கிறவருக்கு ஒரு ஏணி, தொழில்நுட்பத்திலேயே ஆழமாகப் போகிறவருக்கு இன்னொன்று; சம்பளமும் மரியாதையும் இரண்டிலும் சமமாக ஏறும். உங்கள் தாய்க் கம்பெனியில் அப்படி இருக்கிறதா என்று பாருங்கள். ஜெர்மனியில் இருந்து இங்கே மட்டும் இல்லாமல் இருப்பது ரொம்ப சகஜம். அந்த ஏணியில் அவருக்கு ஒரு படி கேளுங்கள், பேச்சுவார்த்தையில் உங்கள் சம்பள உயர்வுக்கு முன்னால் இதை வையுங்கள். கிடைக்காமல் போகலாம். கேட்டீர்கள் என்பது அவர் காதுக்கு எப்படியும் போகும்.

கையால் செய்யும் வேலையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். போகத்தான் போகும், அதை மறைத்துச் சொல்லி என்ன பயன்? நான் தலைவரான பிறகும் ராத்திரி ஒன்பது மணிக்கு சோதனை அறைக்குள் போய், சூட்டை அளக்கும் தெர்மோகப்பிளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன். சரியாக ஒட்டவில்லை என்று நானே பிரித்து ஒட்டுவேன். எனக்கு ஆனந்தமாக இருந்தது. டெக்னீஷியன்கள் மெதுவாக என்னிடம் எதையும் சொல்வதை நிறுத்திவிட்டார்கள். எப்படியும் அவரே வந்து மாற்றிவிடுவார், நாம் ஏன் சொல்ல வேண்டும் என்று. எனக்கு அது புரிய ஒரு வருடம் ஆனது. நீங்கள் வாரத்தில் ஒரு மதியம் லேபுக்குப் போங்கள், லேப்டாப்பை மேசையிலேயே விட்டுவிட்டு. ஓரமாக ஒரு சின்னச் சோதனையை உங்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கையை நம்பி எந்தத் தேதியும் நிற்காத சோதனையாக அது இருக்கட்டும். கை கொஞ்சம் குறைவதற்குப் பதிலாகக் காது கூடும். யார் எதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்று கேட்கிற காது. ரிவ்யூ கூட்டத்தில் முதல் ஸ்லைடு எப்போதும் வேலை செய்யாத ஒன்றைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்று விதி போடுங்கள். முதல் இரண்டு கூட்டத்தில் தலையைச் சொறிவார்கள். மூன்றாவதில் யாராவது ஒரு பிள்ளை அறுத்த குழாயைக் கொண்டுவரும். அப்போது உங்கள் வாயிலிருந்து என்ன வருகிறது என்பதை மொத்த மையமும் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஜெர்மனியோடு பேச வேண்டிய நேரத்தைப் பற்றி, பயப்படும் அளவுக்கு இல்லை. ஜெர்மனியில் காலை 9 மணி என்றால் இங்கே மதியம் 12.30, அவர்களின் குளிர்காலத்தில் 1.30. மதியச் சாப்பாடுதான் ஆறிப்போகும். டெட்ராய்ட் கம்பெனியாக இருந்தால் மாலை 6.30-க்கு மேல்தான் பேச்சே ஆரம்பிக்கும், அப்போது பத்தாவது படிக்கும் பையனை நினைத்து யோசிக்கச் சொல்லியிருப்பேன். பயணம் மட்டும் இருக்கும். பொதுத் தேர்வு மாதத்தில் எங்கேயும் போகமாட்டேன் என்று இப்போதே சொல்லிவிடுங்கள்; இப்போது கேட்டால் அது ஒரு தகவல், மார்ச்சில் கேட்டால் சலுகை.

உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. யோசிக்க இருக்கிறது, ஆனால் அது நீங்கள் பயந்துகொண்டிருக்கும் விஷயங்களில் இல்லை. இன்று ராத்திரி அந்த 11 திட்டங்களையும் ஒரு தாளில் எழுதுங்கள். கம்ப்யூட்டரில் வேண்டாம், தாளில். மூடப்போகும் மூன்றுக்கு நேரே ஒரு கோடு போடுங்கள். போட்ட பிறகு, அந்த மூன்றில் உங்கள் பிரிவுத் திட்டம் ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு நாளை ராத்திரி மறுபடி எழுதுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் முடியவில்லை என்றால் திங்கள்வரை அவகாசம் கேளுங்கள், கொடுப்பார்கள்.